இங்கே பாடும், அங்கே பாடாது

அப்பாவின் போனில் வந்திருந்த செய்தியைச் சுசித்ரா திரும்பத் திரும்பப் படித்தாள்.

‘ஸ்பீக்கர் பாடவில்லை. பழுதான பொருளை நல்லது என்று சொல்லி விற்றிருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பித் தாருங்கள்.’

அது சுசித்ராவின் ஸ்பீக்கர். மாமா புதிதாக ஒன்று வாங்கித் தந்ததால் பழையதை ஆன்லைனில் விற்றார்கள். படம் எடுத்ததும் விளம்பரம் எழுதியதும் அவள்தான். ‘எந்தக் குறையும் இல்லை’ என்று எழுதியதும் அவள்தான். வாங்கியவர் காரிமங்கலம் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி டீச்சர், பெயர் சோபனா. குழந்தைகளுக்குப் பாட்டுப் போடுவதற்காக, நேரில் வந்து பாட வைத்துக் கேட்டுத்தான் வாங்கிப் போனார்.

“அப்பா, விக்கிற அன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான பாடுச்சு?”

“பாடுச்சே. நான் இங்கருந்தே கேட்டுட்டுத்தான இருந்தேன்,” என்றார் அப்பா, டயரிலிருந்து டியூபை உருவியபடி. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய பஞ்சர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு.

“அப்பறம் ஏம்ப்பா இப்பிடிச் சொல்றாங்க?”

அப்பா டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சோபனா டீச்சர் ஸ்பீக்கரைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“நீங்களே பாருங்கண்ணா. ரெண்டு வரி பாடுது, அப்பறம் ஊமையாயிடுது. எடுத்து வெச்சா மறுபடி ரெண்டு வரி.”

சுசித்ரா அதைப் பழைய இடத்திலேயே, சுவர்ப் பலகையின் மேல் வைத்தாள். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. அதற்கடுத்ததும் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப நாந்தான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு,” என்றார் டீச்சர்.

“அதுக்கு உங்க ஊரு புடிக்கலயோ என்னமோ,” என்று அப்பா சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் அதை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலமே செய்தி வந்தது. ‘மறுபடியும் நின்றுவிட்டது. நீங்கள் ஏதோ தந்திரம் செய்கிறீர்கள். ஏமாற்றுக்காரர்கள் என்று உங்கள் விளம்பரத்துக்குக் கீழே எழுதப்போகிறேன்.’

விளம்பரத்தில் இருந்தது அப்பாவின் நம்பர். கடைப் பலகையில் இருப்பதும் அதே நம்பர். வழியில் டயர் வெடித்து நிற்கும் டிரைவர்கள் அந்த நம்பரை நம்பித்தான் கூப்பிடுவார்கள்.

சுசித்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பொய் எழுதவில்லை. டீச்சரைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் போலவும் இல்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்றால், ஒரே ஸ்பீக்கர் எப்படி இங்கே பாடும், அங்கே பாடாது?

“பணத்தக் குடுத்துட்டு வாங்கிக்கலாம் பாப்பா. வம்பு வேணாம்,” என்றார் அப்பா.

“குடுக்கலாம்ப்பா. ஆனா அப்பவும் நாம ஏமாத்துனோம்னுதான நெனைப்பாங்க? ஒரு தடவ அங்க போயி பாத்துட்டு வரலாம்.”

சனிக்கிழமை அப்பாவின் பைக்கில் போனார்கள். காரிமங்கலம் தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பினார்கள். ராகிக் காட்டை ஒட்டி இருந்தது அங்கன்வாடி.

டீச்சர் ‘வாங்க’ என்றதோடு சரி. முக்காலி மேல் ஸ்பீக்கரை வைத்து, போனில் யானைப் பாட்டைப் போட்டார். குழந்தைகள் ஆளுக்கொரு கையைத் தும்பிக்கையாகத் தூக்கி ஆடினார்கள். இரண்டாவது வரியில் பாட்டு நின்றது. தும்பிக்கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

“வந்துரும் டீச்சர்,” என்றாள் சுசித்ரா.

“எப்ப?”

“எங்க வூட்ல பாட்டு நின்னா ஒடனே வந்துரும்.”

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

“அப்போ உங்க வூட்லயும் நிக்குமா?” என்றார் டீச்சர்.

நிற்கும்தான். ஒரு நொடி. அதை யார் கவனித்தார்கள்?

பாட்டு வரவில்லை. எங்கோ ஓர் ஆடு செருமியது. ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. இப்படி ஓர் அமைதிக்குள் சுசித்ரா நின்றதே இல்லை. ஏதோ ஒன்று குறைந்தது. வீட்டில் எப்போதும் இருக்கிற ஏதோ ஒன்று. என்ன அது?

“அப்பா, லாரி,” என்றாள்.

அப்பா வாசலைப் பார்த்தார். “எங்க?”

“இங்க இல்லப்பா. அதான் விஷயம். இங்க லாரியே இல்ல.”

அவள் முக்காலிக்குப் பக்கத்தில் போய் ஓங்கிக் குதித்தாள். முக்காலி ஆடியது. ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்துவிட்டுப் பாட ஆரம்பித்தது. தும்பிக்கைகளும் ஆட ஆரம்பித்தன. மறுபடி பாட்டு நின்றபோது, யாரும் சொல்லாமலே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து குதித்தார்கள். மறுபடி பாடியது.

அப்பா ஸ்பீக்கரைத் திறந்து பார்த்தார். “ஒயரு வுட்டுப்போச்சு. சும்மா தொட்டுக்கிட்டு நிக்குது. லாரி போறப்பல்லாம் எங்க வூடே அதிரும்ல, அதுல திரும்பத் திரும்பச் சேந்திருக்குது. பாட்டு வுட்டு வுட்டு வந்தாலும், அந்த எரைச்சல்ல எங்களுக்கு எங்க கேக்குது?”

சுசித்ரா டீச்சர் பக்கம் திரும்பினாள். “கொறை இருந்துச்சு டீச்சர். இல்லன்னு எழுதுனது நாந்தான். எங்களுக்குத் தெரியல. நீங்க சொன்னதுதான் நெசம். வேணாம்னா திருப்பி எடுத்துக்கறோம்.”

டீச்சர் திறந்து கிடந்த ஸ்பீக்கரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“விக்கிறப்பவே ஒரு லாரியவும் சேத்துக் குடுத்திருக்கணும் நீங்க,” என்றார் டீச்சர்.

முதலில் சிரித்தவர் அப்பா.

“திருப்பியெல்லாம் வேணாம். ஒயர மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்கண்ணா.” டீச்சர் போனை எடுத்து, விளம்பரத்துக்குக் கீழே போடுவதற்காக எழுதி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்தத் திரை வெள்ளையாகும் வரை சுசித்ரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரிமங்கலத்தில் ஒரு செல்போன் கடையில் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் திரும்பி வந்தார்கள். டீச்சர் மறுபடியும் யானைப் பாட்டைப் போட்டார். இரண்டாவது வரி வந்தது. பாட்டு நிற்கவில்லை.

ஆனாலும் குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து ஓங்கி ஒரு குதி குதித்தார்கள்.