மூன்று பேர் தாண்டிய படல்

கண்ணாயி அத்தையின் சினையாடு செவலை, வாசலில் நுரை தள்ளிக் கிடந்தது. ஓடைக்கரையில் விழுந்து கிடந்ததை இப்போதுதான் தூக்கி வந்திருந்தார்கள்.

"பாம்புதான் தீண்டியிருக்கோணும்," என்றார் அத்தை.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தேன்மொழிக்குப் புரிந்தது. பாம்பு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தாளே, மரவள்ளிக் காட்டில் செடிகள் மொட்டையாக நின்றதை. மரவள்ளித் தழை ஆட்டுக்கு ஆகாது என்பது அந்த மலையூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தக் காட்டின் குறுக்கேதான் ஊர்ப்பாதை போகிறது. அதன் வாசலில், ஆடு மாடு நுழையாமலிருக்க ஒரு மூங்கில் படல். கடைசியாகப் போகிறவர் அதைச் சாத்த வேண்டும் என்பது ஊர் வழக்கம். காலையில் தேன்மொழி சாத்தவில்லை. பின்னால் கூடப் படிக்கும் யுவராஜ் வந்துகொண்டிருந்தான். அவன் சாத்துவான் என்று விட்டுவிட்டாள்.

இப்போது சொன்னால்? ஊர்க்கூட்டம் போடுவார்கள். தப்புக்கு அடையாளமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா எல்லார் முன்னும் நிற்க வேண்டும்.

கால்நடை டாக்டர் அர்த்தனாரி மொபட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

"தெரியலீங்க. பாம்பு தீண்டுனாட்டம் இருக்குது..." என்றார் அத்தை.

"பாம்பா, தீனியா? ரெண்டுக்கும் மருந்து வேறங்க. மாத்திப் போட்டா ஆடும் போயிரும், வயித்துக் குட்டியும் போயிரும். பார்த்தவங்க ஆருமே இல்லீங்களா?"

கூட்டத்தில் நின்ற யுவராஜ் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

செவலை தலையைத் தூக்கிக் கத்தப் பார்த்தது. சத்தம் வரவில்லை. தேன்மொழியின் கால்கள் அவளைக் கேட்காமலே முன்னால் வந்தன.

"மரவள்ளித் தழைங்க. படலத் தெறந்து போட்டது நாந்தானுங்க."

டாக்டர் உடனே பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

அத்தை திரும்பினார். "ஏங்கண்ணு, உனக்குக் கையி இல்லியா?"

அதற்குள் யுவராஜ் முன்னால் வந்தான்.

"அத்தே, அவளுக்குப் பொறவு நானும் போனேன். பின்னால ஆரோ வந்தாங்க. அவங்க சாத்துவாங்கன்னு விட்டுட்டேன்."

"ஆருடா வந்தது?"

"மூஞ்சி தெரியல அத்தே. தலையில பெரிய புல்லுக்கட்டு."

கண்ணாயி அத்தை மெதுவாக ஆட்டின் அருகில் உட்கார்ந்தார்.

"அது நாந்தான்," என்றார். "கை ஒழியல. கட்ட எறக்கிப் போட்டுட்டு வந்து சாத்திக்கலாம்னு போனேன். மறந்தே போயிட்டேன்."

"அப்ப கூட்டத்துல மூணு பேரு துண்டு கட்டோணுமாட்டிருக்குது," என்றார் டாக்டர்.

"எங்கிட்டத் துண்டு இல்லீங்க," என்றான் யுவராஜ்.

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கூட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் சாமி. போட்டா மொதல்ல நாந்தான் நிக்கோணும்."

பொழுது சாய்வதற்குள் செவலை எழுந்து நின்றது. தள்ளாடி வந்து, தேன்மொழியின் பாவாடை நுனியைக் கடித்து இழுத்தது. அவள் இழுக்க விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் படலருகே யுவராஜுக்காகக் காத்திருந்தாள். இருவருமாகச் சாத்தி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

பத்தடி போயிருக்க மாட்டார்கள்.

"அடேய், நான் இன்னும் வரலடா!" புல்லுக்கட்டுக்குக் கீழிருந்து குரல் வந்தது. "கை ஒழியாதவ எப்படித் தெறப்பேன்?"

இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினார்கள்.