கொட்டகைக்கு வேர்த்தது

தகரக் கதவு வேர்த்திருந்ததை மரியம்மாள்தான் முதலில் பார்த்தாள். உச்சி வெயில். மலையில் மூன்று வாரமாகச் சொட்டு மழை கிடையாது. ஆனாலும் கதவில் முத்து முத்தாக நீர் கோத்துத் தாழ்ப்பாள் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

மலைமேல் குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்லித்தான் மேஸ்திரி அருணகிரி ஆம்பூரிலிருந்து பெண்களை ஜவ்வாது மலைக்குக் கூட்டிவந்திருந்தான். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வேண்டிய ஆவாரம் பட்டையை உரித்து, காயவைத்து, இந்தக் கொட்டகையில் கட்டாகக் கட்ட வேண்டும். சுற்றிலும் குன்றுகள் சட்டிபோல் நிற்க, நடுவில் காற்று செத்துக் கிடந்தது. வேர்வை காயாமல் சீலையோடு ஒட்டி, பட்டையின் துவர்ப்பு வாடை தொண்டைக்குள் இறங்கி, மூச்சு விடுவதே சுடுகஞ்சியை விழுங்குவதுபோல இருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் அவள் தங்கச்சி அன்னம்மாள் இதே கொட்டகைக்குள் செத்துப்போனாள். வண்டி வருவதற்குள் கட்டு முடியணும் என்று அருணகிரி அவளை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டிருந்தான். "தண்ணி" என்று அவள் மத்தியானம் முழுக்கக் கதவைத் தட்டினாள். சரிவில் பட்டை உரித்துக்கொண்டிருந்த மரியம்மாளுக்கும் அது கேட்டது. எழுந்தாள். மேஸ்திரி முறைத்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டாள். காட்டிலாகா துரை குதிரையில் வந்து, வெயில் தாக்கிச் செத்தாள் என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வயிற்றில் பிடித்த நெருப்பு இன்னும் அணையவில்லை.

"ஏ மரியம்மா, இன்னா வேடிக்கை? உள்ள போய்க் கட்டு!" புளியமர நிழலிலிருந்து அருணகிரி கத்தினான்.

"உள்ள யாரோ கட்டிக்கினு இருக்காங்க மேஸ்திரி."

பொய் இல்லை. சரக், சரக் என்று உள்ளே கயிறு இழுபட்டது. ஒவ்வொரு முடிச்சுக்கும் மூக்கை உறிஞ்சி ஒரு மூச்சு. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். ஒரே பாயில் படுத்து வளர்ந்த மூச்சு.

கதவிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

"நீயும் பேஜார் பண்றியா? உன் தங்கச்சியும் இப்டித்தான் நடிச்சா."

நடிச்சாளா? மரியம்மாளுக்குக் காது அடைத்தது.

"அப்ப நீயே போய்ப் பாருய்யா."

அவன் வைதுகொண்டே வந்தான். அவளைத் தள்ளினான். தாழை இழுத்து உள்ளே போனான். வெந்த ஈரக்காற்று வெளியே வந்து அவள் முகத்தில் அறைந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தாழைப் போட்டது மட்டும் அவள் கை.

"ஏய்! தொற! யாரோ... மரியம்மா, தொறடி!"

"என்னை எதுக்குக் கேக்கற? அவளக் கேளு!"

தட்டினான். உதைத்தான். தகரம் அதிர்ந்தது. பிறகு கெஞ்சல். பிறகு கயிறு. சரக். சரக்.

அமைதி.

கோபம் வடிந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. அவள் தாழை நீக்கினாள்.

மேஸ்திரி இல்லை. கொட்டகை நடுவில் புதுக் கட்டு ஒன்று. ஆள் உயரம். சுற்றிலும் ஆவாரம் பட்டை. கயிறு ஆழமாக இறங்கியிருந்தது. இடுக்குகளில் வேர்வை சொட்டியது. கட்டு லேசாக விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

பக்கத்தில், தரையில், இன்னொரு கயிறு. அதன்மேல் நனைந்த கை ஒன்று பட்டைகளை நிதானமாகப் பரப்பிக்கொண்டிருந்தது.

மரியம்மாளின் உயரத்துக்கு.