குடையில்லாத குடைக்கடைக்காரன்

தம்பானூரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இருந்தது ஒரே ஒரு ஆட்டோ... இந்தப் பக்கம் ஜினி ஏறினாள். அந்தப் பக்கம் ஒருவன் ஏறினான்!

"ஹலோ, நான்தான் முதல்ல ஏறினேன்."

"எங்க போறீங்க?"

"சாலை பஜாருக்கு."

"நானும் அங்கதான். இறங்க மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ்..."

நனைந்த இமைகளைச் சிமிட்டிச் சிமிட்டி அவன் கெஞ்சினதில், ஜினியின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"ஒரு குடை வாங்கப்படாதா?"

"எங்களுக்கு மூணு தலைமுறையா குடைக்கடைதான்..."

ஜினி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க கேட்டோ! விதுராவுல தனியா ஒரு கடை போடணும்னு கேட்டதுக்கு அப்பா ரெண்டு வருஷமா எங்கிட்ட பேசறதில்ல. நானும்தான். எல்லாம் அம்மா வழியா. இன்னைக்கு எங்களைப் பேச வைக்க யாரோ கோச் வருதாம்! நாங்க என்ன ஃபுட்பால் டீமா? ரெண்டே கேள்வியில ஓட வச்சிருவேன்."

ஐயோ... அந்தக் கோச் அவள்தான்! குடும்பமாய்த் தொழில் நடத்துகிறவர்களை உட்கார்த்திப் பேச வைப்பதுதான் அவள் வேலை. இப்போதே சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்தக் கண்கள் இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்றது பாழாய்ப்போன மனசு. சொல்லவில்லை.

கடை மாடியில் அவளைப் பார்த்ததும், ஆட்டோவில் உடன் வந்த ஆன்சனின் முகம் இறுகியது.

"ஆட்டோவுலயே வேலையைத் தொடங்கியாச்சு, அல்லே?"

அதோடு சரி. அவளிடம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜினி ஒரே ஒரு விதி வைத்தாள். ஒருவர் சொன்னதை மற்றவர் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே பதில்.

இரண்டு சனிக்கிழமைகள் சண்டையிலேயே போயின. மூன்றாவதில், அப்பா ராஜையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தனிக்கடை வச்சா இவன் என்னை விட்டுப் போயிருவான்னு பயம்."

ஆன்சன் அப்பா பக்கம் திரும்பினான்.

"அப்பாவுக்கு... நான் விட்டுப் போயிருவேன்னு... பயம்."

"ஆமாடா மக்களே... அதான்."

"போமாட்டேன்ப்பா. அந்தக் கடையையும் நீங்கதான் வந்து திறக்கணும்."

ராஜையன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். ஜினி சத்தமில்லாமல் பையை எடுத்தாள். வேலை முடிந்தது. இனி இந்தக் கடைக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் இல்லை... நினைக்கவே நெஞ்சு வலித்தது.

வெளியே அதே மழை. பின்னால் ஓடிவரும் காலடி. விலைச்சீட்டுகூடக் கழற்றாத புதுக்குடை அவள் தலைக்குமேல் விரிந்தது.

"அன்னைக்கு ஆட்டோவுல ஏன் சொல்லல்ல?"

"சொன்னா பேச்சை நிறுத்திருவீங்க. எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு... தப்புதான்."

"நான் பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. சரியா?"

"ஆமா... அதான்."

"இப்ப என் முறை. எனக்கு உங்களை ரொம்ப இஷ்டம், ஜினி. மூணு வாரமா கோவத்தைப் பிடிச்சு வைக்கத்தான் படாதபாடு பட்டேன்."

அவள் கன்னம் சிவந்தது.

"எனக்கும்..."

"ஏய் கோச்! முதல்ல திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் பதில்!"

"விதி கிடக்கட்டும்..." குடைக்கம்பியைப் பிடித்திருந்த அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "எனக்கும்தான்!"