ஆள் நிறுத்தாத பாலம்

கான்ஸ்டபிள் லாட்டு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அழுது ஓய்ந்த முகம்.

"சார், சோதனை நடக்கப்போறத நான்தான் பண்ணைக்குப் போட்டுக் கொடுத்தேனாம். எங்க டோங்காத் தீவு ஆளுங்க அங்க வேல செய்றாங்கல்ல, அதான். நாளைக்கு யூனிஃபார்ம ஒப்படைக்கணுமாம்."

இன்ஸ்பெக்டர் கோரிகன் அவனை உட்காரச் சொன்னார். அவருடைய உதவியாளர் டெஸ் சோதனை அறிக்கையை மறுபடி புரட்டினாள். முந்தாநாள் இரவு போலீஸும் குடிவரவுத் துறையும் சேர்ந்து அந்தத் திராட்சைப் பண்ணையை வளைத்தபோது, விசா இல்லாதவர்கள் தங்கியிருந்த கொட்டகை காலியாகக் கிடந்தது. விடிந்ததும் ஆற்றில், அங்கே தங்கியிருந்த டோங்காப் பையன் சாமிசோனியின் உடல் கிடைத்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. தப்பிப் பிழைத்த ஒருவன் சொன்னது இவ்வளவுதான்: யாரோ போன் செய்து, பாலத்துப் பக்கம் காவல் இல்லை, அப்படியே ஓடிவிடுங்கள் என்றார்களாம்.

கோரிகன் டெஸ்ஸை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். போன வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது, தூண்கள்தான் மிச்சம். ஊருக்கே தெரிந்த விஷயம். அப்போது வண்டிகளை மாற்றுப் பாதையில் திருப்பிவிட்டுக் கால் கடுக்க நின்றவனே லாட்டுதான். கொட்டகையை விட்டு வெளியே விடப்படாத கூலிகளுக்கு மட்டும் தெரியாது.

மாலையில், சோதனைத் திட்டக் கூட்டத்தில் இருந்தவர்களை, லாட்டு உட்பட, அதே அறையில் உட்காரவைத்தார். மெல்பர்னிலிருந்து வந்து திட்டம் வகுத்த குடிவரவு அதிகாரி ரூத் பென்ஹாலும் இருந்தாள். அவள் கொண்டுவந்த வரைபடம் இன்னும் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு வழிக்கும் ஆள் குறித்திருந்தது, பாலத்தைத் தவிர.

"பாலத்துல ஏன் ஆள் போடல?" என்று கோரிகன் டெஸ்ஸைக் கேட்டார்.

"பாலமே இல்லயே சார். அதனாலதான்னு நாங்க எல்லாரும் நெனச்சோம்."

"நாம நெனச்சோம். ஆனா இந்தம்மா வரைபடத்துல பாலம் இருக்கு. ஆத்துப் பக்கம் இவங்க வந்ததே இல்ல. பாலம் இருக்குன்னு நம்புறவங்க மத்த வழியெல்லாம் அடைச்சிட்டு, அத மட்டும் ஏன் தெறந்து விடணும்? போன் பண்ணவங்களும் பாலம் இருக்குன்னு நம்பித்தான் பண்ணிருக்காங்க. லாட்டு அப்படி நம்ப வழியே இல்ல."

ரூத் மறுக்கவில்லை. போன சோதனையில் ஒரு தாயையும் குழந்தையையும் தன் கையாலேயே பிரித்ததாகவும், இந்தத் தடவை இவர்களாவது போகட்டும் என்று பாலத்து வழியைத் திறந்துவிட்டுப் போன் செய்ததாகவும் சொன்னாள். சொல்லிக்கொண்டே உடைந்தாள். அவள்மேல் கோபப்படவும் முடியாமல், மன்னிக்கவும் மனம் வராமல் டெஸ் திணறினாள்.

"பாலம் இல்லன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே," என்றாள் ரூத்.

"நீங்க பாலத்தப் பத்தி வாயே தெறக்கலயே மேடம்," என்றான் லாட்டு. "கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

கோரிகன் தொப்பியை எடுத்து அவனிடம் நீட்டினார். லாட்டு அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கையில் பிடித்தபடியே, டோங்காவிலிருக்கும் சாமிசோனியின் அம்மாவுக்குப் போன் செய்ய வெளியே போனான்.