இதே நாளில் செத்தவர்கள்

பைரோஜா பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து வேலுத்தாயின் முன்னால் போட்டாள். சட்டையின் முதுகு கிழிந்திருந்தது. ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"எங்க வீட்டுக்காரக சட்டை இது, அக்கா. மாத்துச் சட்டை கொண்டான்னு ஸ்டேஷன்ல சொன்னாக. கொண்டுபோனா இதைக் கையில குடுத்து, நல்லா துவைச்சுப் போடுன்னாக."

"துவைக்காம இங்கன கொண்டாந்தே பாரு, அதுதான் புத்தி" என்றார் வேலுத்தாய். "உக்காரு. மொதல்லேருந்து சொல்லு."

வேலுத்தாய் முப்பத்திரண்டு வருஷம் காக்கி உடுத்தி, விருதுநகரில் ஏட்டாக ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. போலீஸிலேயே கிடந்ததால் போலீஸ் சொல்வதை நம்பமாட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நம்பலாம். பக்கத்து வீட்டு சீனிவாசகம் அப்படியில்லை. சிவகாசிக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், வயது ஐம்பது. கொலை என்று காதில் விழுந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். அன்றைக்கும் வந்துவிட்டார்.

பைரோஜா சொன்னது இதுதான். அவள் புருஷன் நாகூர் கனி, சிவகாசியில் ஜெயச்சந்திரனின் காலண்டர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். அதே அச்சகத்தில் அய்யாதுரை என்று ஒருவர். தினசரித் தாளில் தேதிக்குக் கீழே 'இதே நாளில்' என்று நாலு வரி வருமே, யார் பிறந்தான், யாரைச் சுட்டார்கள், எந்த ஊர் எரிந்தது என்று, அதை எழுதுவது அவர்தான். நேற்று, 2006 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரை யாரோ கொன்றுவிட்டார்கள். சுத்தியலால் முகத்தை உடைத்து, கட்டிங் மிஷினின் மாற்று பிளேடை எடுத்துக் கழுத்தை அறுத்திருந்தது. எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. முதலில் பார்த்தவன் கனி. மூச்சு இருக்கிறதா என்று மடியில் தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறான். மற்றவர்கள் உள்ளே வரும்போது கழுத்திலிருந்து இடுப்பு வரை ரத்தமாக நின்றான்.

"ரெண்டு நாளைக்கு முந்தி ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. 'செத்தவன் கணக்கை எழுதி எழுதி உன் மூஞ்சியே எழவு வீடு மாதிரி ஆயிருச்சு'ன்னு இவுக சொல்லிருக்காக. அவரு மை டப்பாவைத் தூக்கி எறிஞ்சிருக்காரு. அம்புட்டுதான். அன்னைக்கே சேர்ந்து டீ குடிச்சிருக்காக. ஆனா அவரு மேசையில மூணு லெட்டர் கிடைச்சுச்சாம். அதை இவுகதான் எழுதுனாகன்னு அடிக்கிறாக. ரெண்டு விரலை ஒடிச்சாச்சு. இன்னைக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா மிச்சத்தையும் ஒடிப்போம்னு என் காதுபடச் சொன்னாக."

"அரெஸ்ட் காட்டிட்டாகளா?"

"நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குன்னாக."

"அப்ப இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நமக்குப் பொழுது" என்று வேலுத்தாய் எழுந்தார். சீனிவாசகம் ஏற்கெனவே வேனைக் கிளப்பியிருந்தார்.

வழியில் ஸ்டேஷனில் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் பழைய மரியாதைக்கு லெட்டர்களைக் காட்டினார். எல்லாம் கொட்டை எழுத்து.

'ஜனவரி 30. இதே நாளில் காந்தியைச் சுட்டார்கள். உனக்கும் ஒரு நாள் வரும்.'

'ஏப்ரல் 15. இதே நாளில் பம்பாய்த் துறைமுகம் வெடித்துச் சிதறியது. உன் மண்டையும் சிதறும்.'

'ஆகஸ்ட் 6. இதே நாளில் ஹிரோஷிமா எரிந்தது. மூன்று நாள் கழித்து நாகசாகி. எண்ணிக்கொள்.'

"பாத்தீகளா ஏட்டம்மா, ஜனவரியிலேருந்தே மனசுல வச்சிருந்திருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர். "தாளை வெட்டுறவனுக்குத் தேதி தெரியாதா?"

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷச் சத்தம் மாதிரி இல்லை. பைரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வேலுத்தாய் லெட்டர்களை இரண்டாம் தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அச்சகத்தில் ரத்தம் கழுவின தரை காயவில்லை, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் சீசன். செத்தவனுக்காக ஆர்டர் காத்திருக்காது.

"ஏட்டம்மா, மொதலாளிதான்! பாருங்க, ஈரம் காயுமுன்ன மிஷினை ஓட்டுறான்" என்று சீனிவாசகம் காதைக் கடித்தார்.

"அது பேராசைய்யா. அதுக்குத் தூக்குத்தண்டனை கிடையாது. நீரு ஒரு வேலை செய்யும். உம்ம வேன்ல வர்ற பொம்பளைக இந்த ஊர்ல எந்தெந்த அச்சகத்துல வேலை பாக்குறாக? அய்யாதுரையைக் கடைசியா யாரு, எங்கன பாத்தாகன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கேட்டுட்டு வாரும்."

முதலாளி ஜெயச்சந்திரன் கனத்த ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமா நடிப்பா என்று சொல்வதற்கில்லை.

"அவனை மாதிரி சுத்தமா எழுத ஆள் கிடையாது. ஒரே குறை, நல்ல நாள்லயும் எழவை எழுதிருவான். நாங்க பண்டிகைத் தாள்ல சாவு போடுறதில்லை, அது தொழில் முறை. இவன் கேக்கமாட்டான். வருஷப் பிறப்பு, ஏப்ரல் பதினாலு, அன்னைக்குத்தான் நாப்பத்தி நாலுல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சுச்சாம். வருஷப் பிறப்புத் தாள்ல வெடிச்சுச்சுன்னு போட்டா எந்தப் பட்டாசுக் கம்பெனிக்காரன் வாங்குவான்? அவன் வருஷா வருஷம் எழுதுவான், நாங்க வருஷா வருஷம் தூக்கிருவோம். ரெண்டாயிரத்தி ஏழுக்கும் தூக்கிருன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட சொன்னீக?"

"மேனேஜர் அய்யப்பன்கிட்ட. அச்சுக்கு முன்ன திருத்துற புரூப் ரெண்டு காப்பிதான். ஒண்ணு அய்யாதுரைகிட்ட, ஒண்ணு அவன்கிட்ட. அவன் காப்பிதான் அச்சுப் பிளேட்டுக்குப் போகும். ஏப்ரல் இன்னும் போகலை. நான் அச்சாகி வந்தாத்தான் பாப்பேன்."

வேலுத்தாய் இந்த வருஷக் காலண்டரில் கிழிக்காத சாம்பிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஏப்ரல் பதினாலையும் பதினைந்தையும் புரட்டினார். இரண்டிலும் பம்பாய் இல்லை. செத்தவர் மேசையில் கிடந்த அவருடைய புரூபைப் பார்த்தார். பதினாலில் அந்த வரி இருந்தது. அடிக்கவில்லை.

மேனேஜர் அய்யப்பன் நெற்றியில் சந்தனம் கலையாமல் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது, மடிப்புக் குலையாத சட்டை.

"லெட்டரை நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன். பாவம், அய்யாதுரை ஒருத்தர்கிட்டயும் சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு."

"நீங்க மத்தியானம் எங்கன இருந்தீக?"

"சாப்பிடப் போயிருந்தேன்."

"சரி. உங்க புரூபைக் கொஞ்சம் காட்டுங்க. பொழுது போகலை."

ஏப்ரல் பதினாலில் ஒரு வரி சிவப்பு மையால் அடிபட்டிருந்தது. பதினைந்தில் மூன்று வரி கம்ப்யூட்டர் எழுத்து: லிங்கன் உயிர் பிரிந்தது, டைட்டானிக் மூழ்கியது, அப்படி. நாலாவது வரி சிவப்பு மையில் கையெழுத்து: '1944: பம்பாய்த் துறைமுகம் வெடித்துச் சிதறியது.'

"இது எப்ப எழுதுனீக?"

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள். பதினஞ்சுல ஒரு வரி குறைஞ்சுச்சு. தூக்குனதை அங்கன போட்டுட்டேன். ஒரு நாள் முன்னப் பின்ன, எவன் பாக்கப்போறான்?"

"எவனும் பாக்கமாட்டான்" என்றார் வேலுத்தாய்.

மூன்று மணிக்கு சீனிவாசகம் மூச்சிரைக்க வந்தார். கையில் எண்ணெய் படிந்த ஒரு பெரிய தாள்.

"வீரலட்சுமின்னு ஒருத்தி, இன்னொரு அச்சகத்துல பேக்கிங்ல இருக்கா. செவ்வாக்கிழமை சாயங்காலம் அய்யாதுரை அவகிட்ட ஒரு வேஸ்ட் தாள் கேட்டு வாங்கிருக்காரு. பாத்ததும் மூஞ்சி செத்துப்போச்சாம். 'நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அவனுக்கு டைம் குடுப்பேன், தானா மொதலாளிகிட்ட சொல்லட்டும்'னாராம். எவன்னு சொல்லலை. ஆனா இந்த அச்சகத்து ஆளு வண்டி ஒண்ணு அவுக வாசல்ல நின்னதைப் பாத்திருக்கா, நம்பரும் சொன்னா. அதே மாதிரித் தாள் இன்னொண்ணு இருக்கான்னு கேட்டேன். முறுக்குப் பொதிஞ்சு வச்சிருந்தா. முறுக்கை நான் தின்னுட்டேன்."

வேலுத்தாய் தாளை விரித்தார். வேறு அச்சகத்தின் 2007 தாள், வெட்டாதது. ஏப்ரல் பத்திலிருந்து பதினேழு வரை ஒரே தாளில். பார்த்துவிட்டு மடித்தார்.

"இன்ஸ்பெக்டரை வரச்சொல்லும். கனி மேல வைக்கிற கையையும் நிறுத்தச் சொல்லும்."

நாலு மணிக்கு முதலாளி, மேனேஜர், இன்ஸ்பெக்டர், பைரோஜா எல்லாரும் கட்டிங் மிஷின் பக்கம் நின்றார்கள். இன்ஸ்பெக்டருக்கு முகம் சுளித்திருந்தது.

"மூணு லெட்டர்" என்று வேலுத்தாய் ஆரம்பித்தார். "காந்தி சரி. ஹிரோஷிமா சரி. பம்பாய் மட்டும் தப்பு. அது வெடிச்சது ஏப்ரல் பதினாலு. மொதலாளி, சரிதானே?"

"ஆமா. பதினாலுதான். அதனாலதானே தூக்குனோம்."

"இந்த வருஷத் தாள்ல அது பதினாலுலயும் இல்லை, பதினஞ்சுலயும் இல்லை. அப்ப தாளைப் பாத்து வெட்டுறவன் அதை எழுதியிருக்க முடியாது. பதினஞ்சுன்னு ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. அடுத்த வருஷ புரூப்ல, சிவப்பு மையில. அது எழுதுனது ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், அதாவது ஆகஸ்ட் நாலு. அப்புறம் ஏப்ரல்ல ஒருத்தன் அதை எப்படிய்யா லெட்டர்ல எழுதுவான்?"

இன்ஸ்பெக்டர் அய்யப்பன் பக்கம் திரும்பினார்.

"மூணு லெட்டரும் நேத்துக் காலையில ஒரே இருப்புல எழுதுனது. பக்கத்துல புரூபை வச்சுக்கிட்டு, சாவா பாத்து எடுத்து எழுதுனது. தான் மாத்துன தேதி பொய்யின்னு அவனுக்கே மறந்துபோச்சு. அய்யப்பா, அந்தக் காப்பி உங்க மேசையை விட்டு எங்கயாச்சும் போச்சா?"

"போகலை... யாராவது வந்து பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கலாம். பாத்தவன் எதுக்கு அய்யாதுரையைக் கொல்லணும்?" தாளை மிஷின் மேல் விரித்தார். "இது வேற அச்சகத்துத் தாள். ஏப்ரல் பதினஞ்சு, நாலாவது வரி. பம்பாய்த் துறைமுகம் வெடித்துச் சிதறியது. உலகத்துலயே இல்லாத தேதி, உங்க சிவப்பு மையில பிறந்த தேதி, ஒரு வாரத்துல அங்கன எப்படிப் போச்சு? உங்க வண்டி அந்த வாசல்ல நின்னதையும் வீரலட்சுமி பாத்திருக்கா. நம்ம புரூபை வித்ததுக்கு அங்கன பங்கு தர்றேன்னாகளா? அய்யாதுரை தாளைக் கொண்டாந்து உங்ககிட்ட காட்டி, மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்தாரு. அந்த மனுஷன் குடுத்த டைம்லதான் நீங்க லெட்டர் எழுதுனீக."

"ஏலே அய்யப்பா!" என்றார் முதலாளி.

அவ்வளவுதான். சட்டை மடிப்பு குலையாதவன் பக்கத்து மேசையில் கிடந்த வேறொரு சுத்தியலை எடுத்துவிட்டான். முதல் அடி சீனிவாசகத்தின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. இரண்டாவது அடி வேலுத்தாயின் தலைக்கு ஓங்கினது. பைரோஜா பின்னாலிருந்து அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, மிஷின் இரும்பில் முகத்தை மோதினாள். ஒரு தடவை இல்லை. பல்லும் ரத்தமும் தாளில் சிந்தின. வேலுத்தாய் சுத்தியலைக் காலால் தள்ளிவிட்டு, அவள் தோளைத் தொட்டார்.

"போதும்மா. இவன் உயிரோட பேசணும். பேசினாத்தான் உன் ஆளு வெளிய வருவான்."

அவள் விட்டாள். அய்யப்பன் தரையில் கிடந்தபடி, "மத்தியானம் வரைக்கும்னான்... எம் பிள்ளைகளைக் கூட நினைக்கலை அவன்" என்று அழுதான். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார்.

பொழுது சாயுமுன் நாகூர் கனியை வெளியே கொண்டுவந்தார்கள். நிற்க முடியவில்லை, இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வலது கை வீங்கி, விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. கட்டிங் மிஷினுக்கு இரண்டு கையும் வேண்டும். பைரோஜா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள்.

இன்ஸ்பெக்டர் மேசைக்கு ஒரு தாள் வந்தது. அவர் குரலும் மாறியிருந்தது.

"விசாரணைக்குக் கூப்பிட்டோம், அனுப்பிட்டோம். அடிக்கலை, துன்புறுத்தலைன்னு இதுல ஒரு கையெழுத்து. வீட்டுக்குப் போகலாம்."

கனி வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"சரி, இடது கை ரேகை போதும்" என்று மைப்பெட்டியைத் திறந்தார் இன்ஸ்பெக்டர்.

கனி வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டான். நேற்றிலிருந்து அவன் பேசி பைரோஜா கேட்கவில்லை.

"செஞ்சேன்னு எழுதின தாளுக்கு ராத்திரி பூரா மாட்டேன்னேன்" என்றான். "நீங்க செய்யலைன்னு எழுதின தாளுக்கும் மாட்டேன். எங்கன ஆஸ்பத்திரி இருக்கோ அங்கன கூட்டிட்டுப் போ பைரோஜா. டாக்டர் எழுதட்டும்."

வேலுத்தாய் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.