பேஸ் டிரம்மில் ஒரு ஓட்டை

பொத்... பொத்... டங்ங்ங்... பொத்!

இபன்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையில் ஒயர் சுருள், கழுத்தில் ஹெட்போன், கக்கத்தில் சொட்டுகிற குடை. சர்ச் மண்டபத்துப் படியிலேயே நின்றுவிட்டாள். லைதும்க்ராப் பகுதியில் விடிந்ததிலிருந்து மழை. ஷில்லாங்கில் பிறந்தவளுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இது என்ன சத்தம்? யாரோ காலி பிளாஸ்டிக் வாளியை எட்டி எட்டி உதைக்கிற மாதிரி!

சாயங்காலம் சர்ச் இளைஞர் விழா. ஊரே வந்து உட்காரும். பாட்டு நன்றாக இருந்தால் பாடகனுக்குக் கை தட்டுவார்கள். சத்தம் கேவலமாக இருந்தால் மட்டும், மண்டபத்தில் இருக்கிற எல்லாத் தலையும் கடைசியில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப்பலகைக்குப் பின்னால் நிற்கிற இபன்ரியைத்தான் திரும்பிப் பார்க்கும். போன வருடம் பார்த்தார்கள். அவள் இன்னும் மறக்கவில்லை.

"யாருங்க அது? கொஞ்சம் நிறுத்துங்க!"

பொத்... பொத்...

விறுவிறுவென்று மேடை ஏறி, அங்கே ஓர் இளைஞன் அடித்துக்கொண்டிருந்த டிரம்மின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். குச்சி அவள் விரலுக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்றது.

"ஐயோ! கை போயிருக்கும்!"

"என்ன பண்றீங்க இங்க?"

"பார்த்தா தெரியலையா? ட்ரம்ஸ் வாசிக்கிறேன்."

"ஓ... வாசிக்கிறீங்களா? நான் யாரோ பாத்திரம் கழுவுறாங்கன்னு நினைச்சேன்."

அவன் தலையை நிமிர்த்தினான். நெற்றியில் ஈர முடி... அதற்குக் கீழே இரண்டு கண்கள். கோபமாக இருக்க வேண்டிய கண்கள்தான். ஆனால் மழைக்கு நடுவே சட்டென்று வெயில் எட்டிப் பார்க்குமே, அப்படி அதில் ஒரு சிரிப்பு வந்து போனது.

'கண் நல்லாத்தான் இருக்கு... காதுதான் இல்லை போல' என்று நினைத்துக்கொண்டாள்.

"சவுண்ட் பார்க்கிறது நீங்கதானா? நல்லாவே சவுண்டு விடுறீங்க" என்றான் அவன்.

அவன் பெயர் கின்சாய். மாவ்லாயில் இருந்து வருகிறான். விழாவில் கடைசியாக வாசிக்கப் போகிற பேண்டின் டிரம்மர். இதெல்லாம் அடுத்த சண்டைக்கு நடுவே வந்து விழுந்த தகவல்கள். அவள் பெயரும் அப்படியே அவன் காதில் விழுந்தது.

"இது என்ன, தோல் பூரா பிளாஸ்திரி? அடிபட்டுச்சா?"

"ங்ங்ங்னு இழுக்குது. அதான் ஒட்டினேன்."

"உள்ள என்ன அடைச்சிருக்கீங்க?" காலால் மிதித்து அடிக்கிற பேஸ் டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். தலையணையைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"அது வந்து... எங்கம்மா சால்வை."

"அம்மா தேட மாட்டாங்களா?"

"தேடிட்டுத்தான் இருக்காங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடுத்த நொடியே கோபம் திரும்பி வந்தது. ஏனென்றால் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு கரி அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"வீட்ல அடுப்புப் பக்கத்துல வெச்சுத்தான் சுருதி கூட்டினேன். அங்க அருமையா இருந்துச்சு. இங்க வந்தா விறைச்சுக்கிச்சு. அதான் அடுப்பையும் தூக்கிட்டு வந்தேன்."

கடவுளே! எங்கள் ஊர் ஆண்களுக்கு இது ஒரு வியாதி. மழைக்காலம் வந்தால் அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். சாப்பாடு அங்கே, பேச்சு அங்கே, இப்போது ட்ரம்ஸும் அங்கே.

"இது பிளாஸ்டிக் தோல், சூட்டுல தளரும். தளருதேன்னு நீங்க முறுக்குவீங்க. குளிருக்கு வந்ததும் அது இழுத்துக்கும். இப்ப பாருங்க, ஒரு பக்கம் வேகுது, ஒரு பக்கம் நடுங்குது. முறுக்கினதாவது ஒழுங்கா முறுக்கினீங்களா? எப்படி, வரிசையா சுத்திச் சுத்தியா?"

"பின்ன?"

"எதிரும் புதிருமா முறுக்கணும்! இங்க ஒண்ணு, நேர் எதிர்ல ஒண்ணு. இல்லேன்னா ஒரு பக்கமா இழுத்துக்கும். எடுங்க திருகு சாவியை!"

"நீங்க யாருங்க என் டிரம்முல கை வைக்க?"

"சாயங்காலம் ஊர் திட்டப் போறது என்னை!"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவன் சாவியை நீட்டினான். நீட்டினானே தவிர விடவில்லை. "நான் முறுக்குறேன். நீங்க தட்டிச் சொல்லுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது...

பிளாஸ்திரி எல்லாம் உரிந்தது. சால்வை வெளியே வந்தது. அடுப்பு வாசலுக்குப் போனது. டிரம்மின் நடுவில் இபன்ரி ஒரு விரலை லேசாக வைத்து, ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் குச்சியால் மெல்லத் தட்டினாள். இங்கே ஏறி இருக்கிறது... அங்கே இறங்கி இருக்கிறது... சட்டென்று அவன், "இருங்க, மூணாவது ஒரு இழை கம்மி" என்றான், கண்ணை மூடிக்கொண்டே. தட்டிப் பார்த்தாள். ஆமாம், கம்மிதான். அவளுக்கே அது பிடிபடவில்லை.

'அட... காது இருக்கு. பொறுமைதான் இல்லை.'

அடியில் இருக்கிற தோலை மேல்தோலைவிடக் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்றாள் அவள். வேண்டாம், இரண்டும் சமமாக இருக்கட்டும் என்றான் அவன். கத்திக்கொண்டார்கள். இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தார்கள். அவன் சொன்னதுதான் நன்றாக இருந்தது. அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை... ஆனால் மாற்றவும் இல்லை.

தொல்லை என்னவென்றால், மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் ஒன்றும் கேட்காது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். டிரம்முக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவன். வேறு என்ன செய்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவன் பையிலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்தான். நீட்டினான். வாங்கிக்கொண்டாள். ஈரப்பாக்கு உள்ளே போனதும் காது மடல் சூடேறியது. பாக்குதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மழை கொஞ்சம் விட்டிருக்கு... தட்டுங்க."

டும்ம்ம்...

வட்டமாக, நிறைவாக எழுந்தது சத்தம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

சின்ன டிரம்மை அவன் அடித்தான். யாருமே தொடாத, அடியில் கம்பி கட்டிய ஸ்னேர் டிரம் பக்கத்தில் கிர்ரென்று உதறியது.

"பாருங்க இந்தச் சனியனை! தொடவே இல்ல, நடுங்குது!"

"பக்கத்துல ஒண்ணு அதே சுருதியில பேசினா அதுவும் சேர்ந்து நடுங்கும். அதுக்கு வெட்கம் மானம் கிடையாது. ஒண்ணைக் கொஞ்சம் மாத்தினா அடங்கிடும்."

"மாத்தணுமா?" என்றான் அவன் மெதுவாக. டிரம்மைப் பார்த்துக் கேட்கவில்லை.

இபன்ரியின் கையிலிருந்த குச்சி நழுவிக் கீழே விழுந்தது.

கதை சொல்கிற எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி முடியாது! பெயரைக் கேட்டதும் குலத்தைக் கேட்பதுதானே எங்கள் காசிப் பழங்குடி மக்கள் வழக்கம்? பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனிடம்கூட முதலில் அதைத்தானே கேட்போம்? இந்த இரண்டும் சண்டை போடுகிற மும்முரத்தில் அதை மட்டும் விட்டுவிட்டன.

கின்சாய் வண்டியிலிருந்து சிம்பல்களை எடுத்துவரப் போனான். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் வாலம் மாமா. இபன்ரியின் அம்மாவுக்கு அண்ணன். விழாவுக்குப் பொறுப்பு. வீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. கல்யாணமோ வேறு விசேஷமோ, அவர் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது.

"இன்னும் இதை ஏன் மூடி வெச்சிருக்கீங்க?" என்று, பேஸ் டிரம்மின் முன்பக்கம் மழைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை இழுத்து எறிந்தார்.

முன்தோலில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கொட்டை எழுத்தில் சிவப்பாக ஒரு பெயர்: மார்பனியாங்.

"அடி சக்கை! நம்ம பையன்! உனக்கு அண்ணன் முறைடி. ராத்திரி சாப்பிட வீட்டுக்குக் கூட்டிட்டு வா!" மாமா சந்தோஷமாக நாற்காலிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இபன்ரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளும் மார்பனியாங். எங்களுக்குக் குலப்பெயர் அம்மா வழியில்தான் வரும். ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கைதான். முன்னே பின்னே பார்த்தே இருக்காவிட்டாலும், எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் சரி. அதை மீறியவர்களைக் குலம் தள்ளி வைத்துவிடும். சாவுக்குக்கூட யாரும் வர மாட்டார்கள். இருபத்தாறு வயதில், முதல்முறையாக ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது திருகைச் சொன்னான்... அவளுக்கு அழுகை வந்தது. நேராகக் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டு, அவன் ஆமாம் என்றுவிட்டால்? அதைக் கேட்க அவளால் முடியாது.

கின்சாய் நனைந்துகொண்டே சிரித்தபடி வந்தான். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது... அண்ணே."

"என்னது?"

"முடிஞ்சுதுன்னேன், அண்ணே."

"காலையிலேர்ந்து வாங்க போங்கன்னீங்க, பாத்திரம் கழுவுறவன்னீங்க. இப்ப திடீர்னு என்ன அண்ணே நொண்ணேன்னுக்கிட்டு?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணே."

அவன் முகம் சுருங்கியது. மாமா போவதைப் பார்த்திருந்தான். "புரியுது. நான் லாரி டிரைவர் மகன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சரிங்க... நீங்க சவுண்டை மட்டும் பாருங்க."

அவள் குனிந்து ஒயரைச் சுருட்டினாள். என்ன சொல்வது? நீ வேறு யாராகவாவது பிறந்திருக்கக் கூடாதா என்றா?

கூட்டம் வர ஆரம்பித்தது. குடைகளும் குழந்தைகளும் அரிசிப் பணியார வாசனையுமாக மண்டபம் நிறைந்தது. பேஸ் டிரம்முக்கு முன்னால் மைக் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் சுருதி பார்த்த கிடார் சத்தமெல்லாம் அதிலேயே வந்து விழுந்தது. மைக் உள்ளே போனால்தான் சரிப்படும்.

"முன்தோல்ல ஓட்டை போடணும்" என்றாள், அவனைப் பாராமல்.

"போட்டுக்கோங்க." அவன் கத்தியை எடுத்துக் கொடுத்தான்.

எங்கே போடுவது? எந்தப் பக்கம் போட்டாலும் ஓர் எழுத்து போகும். கத்தியை வைத்தாள், எடுத்தாள். கை வரவில்லை.

"கொடுங்க இப்படி." வாங்கிய வேகத்தில் அவன் பெயருக்கு நடுவே கத்தியை வைத்தான்.

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வெடித்தது இபன்ரிக்கு.

"கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உங்களுக்கு? அம்மா வழி வந்த பேரு! கத்தியால கீறுறீங்க! நம்ம குலப் பேருங்க அது!"

"நம்ம குலமா?"

"மார்பனியாங்!"

"அதுக்கு நான் என்ன பண்றது? சோரா பக்கம் ஒரு கல்யாண பேண்டுக்காரர்கிட்ட வாங்கின செட்டு இது. அவர் பேரு. துடைச்சுப் பார்த்தேன், போகல. தோலை மாத்திப் பார்த்தேன், சத்தம் போயிடுச்சு. விட்டுட்டேன்."

"அப்போ... நீங்க?"

"ராப்சாங். கின்சாய் ராப்சாங். எங்கம்மாவுக்குப் போன் போட்டுக் கேக்குறீங்களா? சால்வையைப் பத்தி மட்டும் பேசாதீங்க."

கூரையில் மழை நின்றதா, இல்லை அவள் காதுதான் அடைத்துக்கொண்டதா... தெரியவில்லை.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"கேட்டீங்களா? வந்ததுலேர்ந்து திருகைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க!" என்றவன் சட்டென்று நிறுத்தினான். அந்தக் கண்களில் மறுபடி அதே வெயில். "ஓ... அதுக்குத்தான் அந்த அண்ணேவா? அப்போ... அதுக்கு முன்னாடி என்ன நினைச்சீங்க?"

"நேரமாச்சு. அறுங்க!"

சொல்லிவிட்டு ஓடியே போனாள், மண்டபத்தின் கடைசிக்கு, ஒலிப்பலகைக்குப் பின்னால். முகத்தை மறைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கிருந்து பார்த்தாள். நடுவில் ஓர் எழுத்து கழன்று விழுந்தது. அவன் மைக்கை உள்ளே நுழைத்தான். அவள் ஹெட்போனை மாட்டி, வெளி ஸ்பீக்கரை மூடி, கையை உயர்த்தினாள்: அடி, பார்க்கலாம்.

அவன் அடிக்கவில்லை. மண்டியிட்டு, அந்த ஓட்டைக்குள் வாயை வைத்தான்.

"இபன்ரி... கேக்குதா?"

காதுக்குள், மூச்சுக்காற்று வரை கேட்டது.

"காலையில நீ திட்டினப்போ எரிச்சலா வந்துச்சு. அப்புறம் மழை விடவே கூடாதுன்னு இருந்துச்சு. அண்ணேன்னியே... என் உயிரே போச்சு. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

இபன்ரி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு, ஒன்றும் கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள்.

அவன் இன்னொரு முறை சொன்னான். அவள் மறுபடி ஆட்டினாள்.

கின்சாய்க்குப் பொறுமை கிடையாது என்றுதான் முன்பே சொன்னேனே. தலையை நிமிர்த்தி, மைக்கும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் கத்தினான்.

"உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றேன்! இதுகூட கேக்கலேன்னா நீ என்ன சவுண்டு பார்க்கிற?"

மண்டபத்தில் இருந்த எல்லாத் தலையும் திரும்பி, ஒலிப்பலகைக்குப் பின்னால் நிற்கிற இபன்ரியைப் பார்த்தன.

முன்வரிசையில் வாலம் மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "டேய்! தங்கச்சிகிட்ட பேசுற பேச்சாடா இது?"

இபன்ரி கைக்கு எட்டிய மைக்கைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரை முழுசாகத் திறந்தாள்.

"ராப்சாங், மாமா! அவர் ராப்சாங்!"

நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது அந்தப் பெயர். மாமா மேடையைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், ஓர் எழுத்து போன மார்பனியாங்கைப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்குடா எங்க பேரைப் போட்டுக்கிட்டு ஊரைச் சுத்துற?" என்று எரிந்து விழுந்தார். தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு, "சாப்பாட்டுக்கு வரச் சொல்லு. உங்கம்மாவும் பார்க்கட்டும்" என்றார்.

மண்டபமே சிரித்தது. கின்சாய் மட்டும் சிரிக்கவில்லை. குச்சியைக் கையில் பிடித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இபன்ரி மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"எனக்கும்தான்... முதல் தடவை சொன்னதே கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான். போதுமா? இப்ப உட்கார்ந்து வாசிங்க!"

அவன் உட்கார்ந்தான். காலை அழுத்தினான்.

டும்ம்ம்...