சந்தேகத்தின் பலன் வேண்டாம்

காலை மணி பத்து ஐம்பது. வெள்ளி முலாம் பட்டறையின் முன்மேசையில் முதலாளி தலைகவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் பாதி குடித்த காபி. பதினொன்றேகாலுக்கெல்லாம் போலீஸ் வந்து ஃப்ளாஸ்க், டம்ளர், கரண்டி மூன்றையும் பையில் போட்டு சீல் வைத்துவிட்டது. காபியில் சயனைடு. காபி போட்டவள் மனைவி. அப்புறம் என்ன, பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, விசாரணையின் கடைசி நாளில், அவளுடைய வக்கீலம்மா காதோடு சொன்னாள்: "யாரும் கண்ணால பாக்கல. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம். சந்தேகத்தின் பலன்ல விட்டுடுவாங்க. வாயைத் திறக்காம இரு."

"பலனும் வேண்டாம், பிச்சையும் வேண்டாம். விஷம் வச்சவ தப்பிச்சுட்டான்னு ஊரே பேசும். என் பொண்ணு அதைக் கேட்டுக்கிட்டே வளரணுமா? சாட்சியை நானே கேள்வி கேக்கறேன், அனுமதி வாங்கிக் கொடுங்க."

சாட்சிக் கூண்டில் கொழுந்தன் நின்றான். அண்ணனுக்கு நுரையீரல் கெட்டதிலிருந்து பட்டறை வேலையெல்லாம் அவன் கையில். அந்த வாரம்தான் அண்ணன் அவனை வெளியே போகச் சொல்லியிருந்தார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம் அவனுக்கு.

"கேளும்மா," என்றார் நீதிபதி.

"தம்பி, அன்னைக்கு நான் பட்டறைக்குள்ள வந்தேனா?"

"இல்ல அண்ணி. வாசல்லயே ஃப்ளாஸ்க்கையும் கரண்டியையும் என்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டீங்க. அப்ப மணி பத்தரை."

"கரண்டி என்ன நிறம்?"

"புதுப் பித்தளைக் கரண்டி. மஞ்சள்தான், வேற என்ன?"

"முலாம் பூசற தொட்டி இருக்கே, அந்த அறைச் சாவி?"

"என் இடுப்பிலதான். வேற யார்கிட்டயும் கிடையாது. அன்னைக்கு நான் திறக்கவே இல்ல."

"ஐயா, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் பாருங்க."

பையைப் பிரித்தார்கள். காம்பு மஞ்சள். குழி மட்டும் வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதை ஏதோ அலங்கார வேலைப்பாடு என்று நினைத்திருந்தார் இன்ஸ்பெக்டர். பாவம், அவர் தேடியது விஷத்தை மட்டும்தான்.

"பன்னெண்டு வருஷம் அங்க பாலிஷ் போட்டவ நான். பித்தளையை வெள்ளித் தொட்டியில சும்மா முக்கினாலே வெளுத்துடும். அந்தத் தண்ணியிலதான் சயனைடு இருக்கு. காபியில கிடந்தா இப்படி ஆகாது. நான் மஞ்சளாக் கொடுத்த கரண்டி, போலீஸ் வர்றதுக்குள்ள வெளுத்திருக்கு. யாரோ அதால தொட்டியில மொண்டு காபியில ஊத்தியிருக்காங்க."

கொழுந்தன் உதட்டை நக்கிக்கொண்டான். "அண்ணனே... மொண்டிருக்கலாம்."

"எந்தச் சாவியை வச்சுடா?"

அவன் கண் கோர்ட் வாசல் பக்கம் ஓடியது. வக்கீலம்மா அவசரமாக எழுந்தாள். "ஐயா, நியாயமான சந்தேகம் ஏற்பட்டுவிட்டதால்..."

"நீங்க உக்காருங்கம்மா," என்றாள் அவள். "இனி என்ன சந்தேகம்? ஐயா, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டோம்னு எழுதாதீங்க. நான் செய்யலன்னு எழுதுங்க. செஞ்சவன் இவன்னும் எழுதுங்க. என் பொண்ணு அதைப் படிக்கணும்."

"முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க," என்று காவலரிடம் சொல்லிவிட்டு, நீதிபதி பேனாவைத் திறந்தார்.